குப்புராஜ் எடைமேடையில் கம்ப்யூட்டர் மாறிய நாள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்குத் திரும்பும் இடத்தில், ஜி.என்.டி. சாலையை ஒட்டி, என் சிநேகிதர் குப்புராஜுக்கு ஓர் எடைமேடை இருக்கிறது. லாரி ஏறி நிற்கும், எடை பார்ப்பார்கள், சீட்டு கொடுப்பார்கள், லாரி போகும். தொழில் அவ்வளவுதான். ஆனால் அங்கே அறைக்குள் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்திருந்தால் நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருப்பீர்கள். அத்தனை வயது. சுற்றியிருக்கும் உருக்காலைகள் கக்கிய தூள் பூராவும் அதன் வயிற்றில்தான் போய்ச் சேர்ந்தது என்பது என் கணிப்பு. அதை உருக்கி வார்த்தால் பொன்னேரி வரைக்கும் தண்டவாளம் போடலாம்.

நானும் அப்படியோர் உருக்காலையில், வருகை குறிக்கும் டைம் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவன்தான். பெயர் ரங்கசாமி. காலையில் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு குப்புராஜ் அறைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். நமக்கு வேலை இல்லாதபோது அடுத்தவர் வேலை செய்வதைப் பார்ப்பதில் இருக்கிற சுகம் ஊட்டியில்கூடக் கிடையாது.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடியது விண்டோஸ் எக்ஸ்பி. பச்சை மேடு, நீல வானம், இரண்டையும் மறைக்கும் தூசு. அதைச் செய்தவர்களே கைகழுவிப் பல வருஷம் ஆகிவிட்டது. குப்புராஜ் மட்டும் விடவில்லை. ஏன் மாற்றவில்லை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருந்தார். மெக்கானிக்கிடம், “பழகிப்போச்சுப்பா.” மின்சார வாரியத்துக்காரரிடம், “இது கரண்டு கம்மியா இழுக்குது சார்.” என்னிடம் ஒருமுறை, “இதுக்கு ஜாதகம் நல்லாகீது,” என்றார்.

உண்மைக் காரணம் அவர் வீட்டிலேயே இருந்தது. ஒரே மகள் கல்பனாவைத் திருநின்றவூரில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளும் அவள் புருஷன் பரணிதரனும் ஒரே ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போய் ஒரே ரயிலில் திரும்புகிறவர்கள். ஒரு வார்த்தை சண்டை கிடையாது, கம்ப்யூட்டர் என்ற பேச்சு வராதவரைக்கும். ஹாலில் இருப்பது கல்பனாவின் விண்டோஸ். படுக்கையறையில் இருப்பது மாப்பிள்ளையின் லினக்ஸ். நடுவில் ஒரு திரைச்சீலை.

“எங்க ஆபீஸ் முழுக்க இதான் நைனா. எதுனா ஆச்சுன்னா கேக்க ஊரு பூரா ஆளு கீது,” என்பாள் மகள்.

“காசு கட்ட வேணாம் மாமா. வைரஸ் தொல்லை கம்மி. நாம சொன்னத மட்டும் செய்யும்,” என்பார் மாப்பிள்ளை.

“ரெண்டும் ஷோக்காதான் கீது,” என்பார் குப்புராஜ். மகள் கோபித்துக்கொண்டால் தாங்கமாட்டார். மாப்பிள்ளை கோபித்துக்கொண்டால் மகள் சேர்ந்தே கோபித்துக்கொள்வாள். ஆகவே எக்ஸ்பியே துணை என்று இருந்துவிட்டார். கம்ப்யூட்டர் நிபுணர்கள் என்னென்னவோ ஆராய்ச்சி செய்கிறார்கள். சம்பந்தி வீட்டு மரியாதைக்காக எக்ஸ்பியைக் கட்டிக்கொண்டு அழுத மனிதரை அவர்கள் யாரும் கண்டிருக்கமாட்டார்கள்.

இப்படியே போயிருக்கும். அந்தோணி வந்து கெடுத்தார்.

அந்தோணி ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் மேற்பார்வையாளர். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எங்கே எடை போடவேண்டும் என்று முடிவு செய்கிறவர். குப்புராஜ் வீட்டில் அடுப்பெரிவதே அந்த லாரிகளால்தான். பழைய இரும்பு லாரிகளும் தவிட்டு லாரிகளும் டீச்செலவுக்குக்கூடக் காணாது.

“அண்ணே, வர்ற திங்கக்கெழமைலேந்து சீட்டு நேரா எங்க சைட்டுக்கு ஏறணும். உங்க கம்ப்யூட்டர்ல எங்க சைட்டே தொறக்காது,” என்றார் அந்தோணி. “புதுசு வாங்குங்க. அன்னிக்கு நானே வந்து பக்கத்துல நின்னு பாப்பேன். வண்டி எல்லாம் தேங்காம போச்சுன்னா காட்டுப்பள்ளி லோடு இங்கயே. தேங்கிச்சுன்னா, நான் இன்னா பண்றது, எதிர்ல குணாளன் கூப்ட்டுகினே கீறாரு.”

எதிர்ப்பக்கம் பார்த்தோம். சாலைக்கு அந்தப் பக்கத்து எடைமேடையின் சொந்தக்காரர் குணாளன், வெள்ளைச் சட்டையில், வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அந்தச் சிரிப்பில் இருந்த பல்லை எண்ணினால் ஐம்பதுக்குக் குறையாது.

குப்புராஜ் மகளுக்கும் போன் போட்டார், மாப்பிள்ளைக்கும் தனியாகப் போன் போட்டார். இருவரும் சேர்ந்து புதுக் கம்ப்யூட்டரோடு ஞாயிற்றுக்கிழமை வந்திறங்கினார்கள். சண்டை வராமல் இருக்க ஒரே பெட்டியில் இரண்டையும் ஏற்றியிருந்தார்கள். ஆன் செய்தால் எது வேண்டும் என்று கேட்கும். எடை போடும் சாஃப்ட்வேர் கொடுத்தவரும் இரண்டிலும் ஓடும்படி கொடுத்துவிட்டார். மூத்த உரிமை மகளுடையது என்பதால் முதலில் விண்டோஸ் என்று முடிவானது. மாப்பிள்ளை பெருந்தன்மையாகத் தலையாட்டினார். தலையாட்டும்போது அவர் கழுத்து நரம்பு தெரிந்தது.

திங்கட்கிழமை காலை பூஜை. புது லாரிச் சக்கரத்துக்கு வைப்பதுபோல மௌஸுக்கு முன்னால் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, “ஏத்தும்மா,” என்றார் குப்புராஜ். சீட்டுப் போடும் கெங்கம்மாள் மௌஸைப் பழத்தின்மேல் ஏற்றினார். பழம் நசுங்கவில்லை. மௌஸ்தான் கவிழ்ந்தது. கடைசியில் அரிவாள்மணையில் நறுக்கிச் சாஸ்திரத்தை முடித்தோம். பழைய கம்ப்யூட்டரை ஒரு சாக்கைப் போர்த்தி மூலையில் உட்காரவைத்தார்கள்.

கெங்கம்மாளுக்குத்தான் பயமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் திரையை ஒருமுறை பார்த்தார், கீபோர்டைத் தடவிப் பார்த்தார்.

“அமுக்குற பட்டன் அதே எடத்துலதான கீது. அப்புறம் உள்ள எவன் குந்திகினு இருந்தா எனக்கின்னா,” என்றார்.

அந்தோணி வந்தார். முதல் லாரி ஏறியது. ஓட்டியவர் பள்ளிப்பட்டு தேசப்பன். கெங்கம்மாள் எடை நிலைத்ததும் பட்டனை அமுக்கினார். சீட்டு அச்சாகி வந்தது. அந்தோணி தன் போனைப் பார்த்து, “வந்துட்ச்சு,” என்றார். குப்புராஜ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எல்லாம் சரி.

லாரி மட்டும் நகரவில்லை.

எங்கள் எடைமேடையில் ஒரு வழக்கம். டிரைவர்கள் கீழே இறங்கமாட்டார்கள். எடை முடிந்ததும் லாரியை மேடையிலிருந்து இறக்கி ஜன்னலுக்கு நேராகக் கொண்டுவருவார்கள். கெங்கம்மாள் சீட்டை ஒரு நீண்ட மூங்கில் குச்சியின் நுனியில் கிளிப்பால் கவ்வி நீட்டுவார். டிரைவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அன்றைக்குக் கெங்கம்மாள் குச்சியை நீட்டி ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். தேசப்பன் மேடையிலேயே ஸ்டியரிங்மேல் சாய்ந்து, தீக்குச்சியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

பின்னால் லாரிகள் சேர ஆரம்பித்தன. சேர்ந்தன என்றால், வரிசையின் வால் ஆந்திராவுக்குள் போய், அங்கே யாரோ அதற்குத் தெலுங்கில் வழி சொன்னதாகத்தான் நான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. குணாளன் ஒரு நாற்காலியை வெளியே கொண்டுவந்து போட்டு உட்கார்ந்தார். 

நான் போய் லாரிப் படியில் ஏறினேன்.

“இன்னா தேசப்பா, மேடைய வாடகைக்கு எடுத்துகினியா?”

“சவுண்டு வர்ல சார்.”

“இன்னா சவுண்டு?”

“டொய்ங்னு ஒண்ணு வருமே. அது வந்தாதான வண்டிய எடுக்கணும். சட்டம் அதுதான.”

“யாரு போட்ட சட்டம்?”

“யாரு போட்டா இன்னா நைனா. நான் வர்றதுக்கு முன்னாலேந்து கீது.”

அறைக்குத் திரும்பிச் சொன்னேன். குப்புராஜ் வாயைப் பிளந்து ஜன்னல் வழியாக அண்ணாந்து பார்த்தார். வெளியே புங்கமரத்தில் ஒரு கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தது. எந்தக் காலத்திலோ ஆடி மாசத்தில் அம்மன் பாட்டுப் போட அவர்தான் கட்டினார். பாட்டு நின்றது, வயர் கம்ப்யூட்டரிலேயே நின்றுவிட்டது. சீட்டு ஒவ்வொன்றும் ஏறும்போது எக்ஸ்பி ஒரு டொய்ங் போடும். அது மரத்தின் வழியாக ஊருக்கே கேட்கும். பழவேற்காட்டில் வலை போடுகிறவர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நேரம் பார்க்கிறார்கள் என்று ஒரு வதந்தி உண்டு. கிளப்பியவன் நான். உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்கோ ஃபேன் சத்தம் மாதிரி அது காதில் விழுவதே நின்றுபோயிருந்தது. டிரைவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு தாங்களாகவே ஒரு போக்குவரத்துச் சட்டம் இயற்றி, வருஷக்கணக்கில் ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்திருக்கிறார்கள். குப்புராஜ் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம் என்று நினைத்தார். அவர் வைத்திருந்தது ஒரு டிராஃபிக் போலீஸ்.

“இவ்ளோதான நைனா,” என்றாள் கல்பனா. வயரைப் புதுக் கம்ப்யூட்டரில் செருகினாள். ஏதோ இரண்டு இடத்தில் தட்டினாள். கெங்கம்மாள் பட்டனை அமுக்கினார். மரத்திலிருந்து ஒரு புதுச் சத்தம், ‘டிங்’ என்று பட்டு மாதிரி வந்தது. தேசப்பன் வானத்தைப் பார்த்தார், யோசித்தார், ஒப்புக்கொண்டார். லாரி நகர்ந்தது. அடுத்தது ஏறியது. டிங். நகர்ந்தது. குப்புராஜ் வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மூன்றாவது லாரி முன் சக்கரத்தை மேடையில் வைத்ததுதான் தாமதம், மரம் டிங் என்றது. வைத்த சக்கரத்தோடு லாரி அப்படியே ஏறி இறங்கி ஜன்னலுக்கு வந்துவிட்டது.

“ஐயோ, நான் இன்னும் அமுக்கவேயில்ல மொதலாளி,” என்றார் கெங்கம்மாள்.

நான்காவது லாரி ஏறி நிற்பதற்குள் இரண்டு டிங். அதன் டிரைவர் முதல் டிங்குக்குக் கிளம்பினார், இரண்டாவதுக்குப் பின்னால் இருந்தவர் கிளம்பினார். மேடையில் இரண்டு லாரிகள் முத்தம் கொடுக்காத குறை.

விஷயம் இதுதான். கல்பனா அன்றைக்கு லீவு போடவில்லை. வீட்டிலிருந்து வேலை என்று ஆபீஸில் சொல்லிவிட்டு, புதுக் கம்ப்யூட்டரிலேயே தன் ஆபீஸ் கணக்கைத் திறந்துவைத்திருந்தாள். அவளுடைய மேலதிகாரி மோனிகா மேடம் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து, “குட் மார்னிங் டீம்” என்று ஒரு செய்தி அனுப்பினார். கும்மிடிப்பூண்டியில் ஒரு கன்டெய்னர் லாரி கிளம்பியது. “எல்லோரும் வந்தாச்சா?” என்று கேட்டார். இன்னொன்று கிளம்பியது. டீமில் இருந்த ஒவ்வொருவரும் “எஸ் மேடம்” என்று சொல்லச்சொல்ல இங்கே ஹெவி வெஹிகிள்கள் தேர்வடம் பிடித்த மாதிரி அசைந்தன. லைசென்ஸ் இல்லாமல், ஸ்டியரிங் இல்லாமல், நாற்பது டன்னை இத்தனை லாவகமாக ஓட்டிய பெண்மணியை நான் கண்டதில்லை. அந்த அம்மாளுக்கு இன்றுவரை தெரியாது.

கல்பனா ஆபீஸ் பேச்சின் வாயை அடைத்தாள். திருநின்றவூர் ஃப்ளாட் குழுவில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் என்று ஒருவர் எழுதினார். டிங். அதையும் அடைத்தாள். இன்றைக்கு மழை வரலாம் என்றது கம்ப்யூட்டர். டிங். எடையே போடாமல் ஒரு லாரி காட்டுப்பள்ளி ரோட்டில் திரும்பிவிட்டது. மாப்பிள்ளை பரணிதரன், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு, அதன் பின்னால் ஓடினார். டிரைவர் டீக்கடையில் நிறுத்தியதால் கையில் சிக்கியது. இல்லாவிட்டால் மாப்பிள்ளையைத் துறைமுகத்தில் கன்டெய்னரோடு சேர்த்துக் கப்பலில் ஏற்றியிருப்பார்கள்.

அந்தோணி சிரிக்கவில்லை.

“அண்ணே, சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பாட்டு டயம் வரைக்கும் பாக்குறேன். அதுக்கு மேல எனக்கும் மேல பதில் சொல்ற ஆளு கீது.”

சாலைக்கு அப்பால் குணாளன் அந்தோணிக்காக ஓர் இளநீரைச் சீவி, ஸ்ட்ராவும் போட்டு, தூக்கிப் பிடித்துக் காட்டினார். 

குப்புராஜ் முகத்தில் ரத்தமே இல்லை. முந்தின நாள் ராத்திரியிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த லாரிகள் எதிர்ப்பக்கம் போய்விட்டால் மேடையைப் பூட்டிவிட்டு என்னைப்போல் பேப்பர் படிக்க வேண்டியதுதான். எனக்குப் பென்ஷன் உண்டு, அவருக்கு அதுவும் கிடையாது. இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

“பேஜாரா பூட்ச்சே ரங்கசாமி,” என்றார் மெதுவாக.

மாப்பிள்ளை மூச்சு வாங்க வந்து நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“மாமா, நான் ஒண்ணும் சொல்லல,” என்றார்.

“நீங்க ஒண்ணும் சொல்லாததே காது கிழியுது மாப்ள,” என்றார் குப்புராஜ்.

கல்பனா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு டிங் வந்தது. வெளியே ஒரு லாரி உறுமியது. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள்.

“உங்களோடத போடுங்க,” என்றாள் புருஷனிடம். “நைனா நாஷ்டாகூட துண்ணல. எனக்கு இதுல ஒண்ணும் ரோசம் கெடையாது.”

பரணிதரன் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து, எது வேண்டும் என்று கேட்டது. லினக்ஸ் என்றார். வேறு நிறத்தில் ஒரு திரை வந்தது. அப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. செய்தி இல்லை, மழை இல்லை, குட் மார்னிங் இல்லை. 

“இன்னா மாப்ள, செத்துட்ச்சா?”

“இல்ல மாமா. இதுல யாரோட கணக்கும் இல்ல. நாம சொன்னாதான் பேசும்.”

கெங்கம்மாள் உட்கார்ந்தார், எடை பார்த்தார், அமுக்கினார். சீட்டு வந்தது. அந்தோணியின் போனிலும் ஏறியது. லாரி மட்டும், மறுபடியும், நிற்கிற இடத்திலேயே நின்றது. இப்போது பேசவேண்டிய ஒரு சொல்லையும் கம்ப்யூட்டர் பேசவில்லை.

“சத்தம் ஒண்ணு குடுக்கணும். நல்லதா ஒண்ணு தேடுறேன்,” என்றார் பரணிதரன். தேடினார். ஒன்று தண்ணீர்ச் சொட்டு மாதிரி, ஒன்று புல்லாங்குழல் மாதிரி. வெளியே டிரைவர்கள் குழம்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். புல்லாங்குழலுக்கு நகரும் ஜாதியா அவர்கள்?

“தள்ளுங்க,” என்றாள் கல்பனா. மூலைக்குப் போய்ச் சாக்கை உருவினாள். பழைய கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தாள். எழுந்திருக்க அது ஒரு யுகம் எடுத்துக்கொண்டது. பச்சை மேடு வந்தது. தன் பென் டிரைவில் எதையோ எடுத்துக்கொண்டு வந்து புருஷன் கையில் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து தலையோடு தலை முட்டிக்கொண்டு ஏதோ தட்டினார்கள். கல்யாண ஆல்பத்தில்கூட அவர்கள் அத்தனை நெருக்கமாக இல்லை.

“இப்ப அமுக்குங்கக்கா,” என்றாள் கல்பனா.

கெங்கம்மாள் அமுக்கினார்.

டொய்ங்.

புங்கமரம் அதிர்ந்தது. மேடையில் நின்ற லாரி, எஜமானன் குரல் கேட்ட மாடு மாதிரி, ஒரு கணம்கூடத் தயங்காமல் இறங்கி ஜன்னலுக்கு வந்தது. குச்சி நீண்டது, சீட்டுப் போனது. அடுத்தது ஏறியது. டொய்ங். அடுத்தது. டொய்ங். ஆந்திராவிலிருந்து வால் இழுபட்டு வந்தது. எல்லை ஊரான ஆரம்பாக்கம் காலியானது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே எங்கள் மேடையில் ஓர் ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்தோணி தன் போனில் எல்லாச் சீட்டையும் மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்தார். நாங்கள் அவர் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எல்லாம் ஏறிக்கீது அண்ணே,” என்றார். “காட்டுப்பள்ளி வண்டி இங்கயே வரட்டும். மேல நான் சொல்லிக்கிறேன்.”

குப்புராஜ் விட்ட மூச்சில் மேஜைமேல் இருந்த சீட்டுக்கட்டு பறந்து மூலைக்குப் போனது. அந்தோணியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார், பிறகு கெங்கம்மாள் பக்கம் திரும்பிக் கும்பிட்டார், பிறகு குழப்பத்தில் என்னையும் கும்பிட்டார். எதிர்ப்பக்கத்தில் குணாளன் அந்த இளநீரைத் தானே குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கும் தாகம் இருக்கும்தானே.

பக்கத்து ஓட்டலிலிருந்து அறைக்கே தோசை வந்தது, வடை வந்தது, எல்லோருக்கும். குப்புராஜ் சாப்பிட்டதைப் பார்த்து ஓட்டல்காரர் இரண்டாம் அடுப்பையும் பற்றவைத்தார்.

“மாமா, ஒரு நியாயம் சொல்லணும்,” என்றார் பரணிதரன், சட்னியைத் தொட்டுக்கொண்டே. “விண்டோஸ் மேல தப்பு இல்ல. கல்பனா அவ கணக்க மூடிட்டு, நோட்டிஃபிகேஷன அணைச்சிருந்தா அதுவும் கம்முனுதான் இருந்திருக்கும். ஒரே தட்டு.”

கல்பனா தோசையை நிறுத்தினாள். “இத்த அப்பவே சொல்றதுக்கு இன்னா?”

“நான்தான் ஒண்ணும் சொல்லலன்னு சொன்னேனே.”

அவள் அவர் தட்டிலிருந்த வடையை எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். தண்டனை அத்தோடு முடிந்தது.

“அப்ப நைனா, சாயங்காலம் திரும்ப விண்டோஸே போட்டுரலாமா? நான் எல்லாத்தையும் அணைச்சுத் தரேன்,” என்றாள்.

“வேணாம் கண்ணு.”

“அப்ப இவரோடதுதான் ஒஸ்தின்னு சொல்றியா?”

குப்புராஜ் மாப்பிள்ளையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். வருஷக்கணக்காகத் தப்பித்து வந்த கேள்வி. வாயில் இருந்த தோசையை நிதானமாக விழுங்கினார்.

“எது ஒஸ்தின்னு எவன் கேட்டான். அந்தோணி சரின்னு சொன்னப்ப எது ஓடிகினு இருந்துச்சோ, அது ஓடட்டும். அவ்ளோதான். நான் செத்தாலும் அத்த எவனும் தொடக்கூடாது.”

கல்பனா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். உலகம் முழுக்க ஜனங்கள் ஒன்றைவிட்டு இன்னொன்றுக்கு மாறுவதும், மாறியதும் அதிலேயே படுத்துக்கொள்வதும் இப்படித்தான் நடக்கிறது என்று நான் அடித்துச் சொல்வேன். ஆதாரம் கேட்காதீர்கள்.

பரணிதரன் மட்டும் திரையின் மூலையை எட்டிப் பார்த்தார்.

“மாமா, சின்னதா ஒரு அப்டேட் காட்டுது. ரெண்டே நிமிஷம், நான் அதை மட்டும்…”

குப்புராஜ் மரியாதை தெரிந்த மாமனார். எழுந்து போய், ஒரு முழுத் தோசையைச் சுருட்டி, மாப்பிள்ளை வாயில் வைத்தார்.

“சாப்புடுங்க மாப்ள,” என்றார் அன்பாக, கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு. “அவசரமே இல்ல. இன்னொரு தோச சொல்லட்டுமா?”